ஜப்பானில் இரவு எங்கே தங்கப் போகிறீர்கள்?

ஜப்பான் போகத் திட்டமிட்டபோது சென்னையில் ஒரு பயண நிறுவனத்தை அணுகினேன். "கூட்டமில்லாத ஜப்பான் பார்க்க வேண்டும். எங்கள் விருப்பம் கேட்டு வகுத்துக் கொடுங்கள்" என்றேன். இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு பக்க பிடிஎஃப் வந்து விழுந்தது. அட்டையில் செர்ரிப் பூக்கள், என் பெயர், 'உங்களுக்கே உங்களுக்காக' என்று ஒரு வரி. உள்ளே டோக்கியோ மூன்று நாள், ஃபூஜி மலை ஒரு நாள், கியோட்டோ இரண்டு நாள், ஒசாகா இரண்டு நாள். ஏழாம் பக்கத்தில் வேறொரு குடும்பத்தின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. அவர்களுக்கும் அவர்களுக்கே அவர்களுக்காகத்தான் தயாரித்திருப்பார்கள் போலும்.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இந்தப் பாதையில் போவதைப் போலச் சுலபமான காரியம் வேறு கிடையாது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷிங்கான்சென் என்கிற புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து போன தொக்காய்தோ சாலையும் ஏறக்குறைய அதே வழிதான். ஒரே தண்டவாளத்தில் தலைநகரமும் எரிமலையும் பழைய தலைநகரமும் வணிக நகரமும் வரிசையாக வந்துவிடுகின்றன. பயணத் துறையினர் இதற்குத் 'தங்கப் பாதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் முறை போகிறவர் அதில் போவதில் தவறொன்றும் இல்லை.

ஆனால் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். 2003-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 52 லட்சம். 2024-ல் 3 கோடியே 68 லட்சம். யென்னின் மதிப்பு சரிந்து, அந்த நாடு மற்றவர்களுக்கு மலிவாகிப்போனது ஒரு முக்கியக் காரணம். 2030-க்குள் 6 கோடிப் பேரை வரவழைப்பது அரசின் இலக்கு. வருகிறவர்கள் தங்கும் இரவுகளில் பத்துக்கு ஏழு, டோக்கியோ, ஒசாகா-கியோட்டோ, நகோயா ஆகிய மூன்று பெருநகர வட்டாரங்களிலேயே கழிகின்றன. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அந்தப் பத்துக்கு ஏழை வைத்துக்கொள்ளுங்கள்.

விளைவுகள் செய்தியாக வந்தவைதான். கியோட்டோவின் கியோன் பகுதியில், கெய்ஷாக் கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், 2024-ல் தனியார் சந்துகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடினார்கள். ஃபூஜி மலையடிவாரத்து ஊர் ஒன்றில், லாசன் என்ற பல்பொருள் கடையின் கூரைக்கு மேல் மலை எழுந்து நிற்பதுபோல ஒரு படம் எடுக்கலாம். அதற்காகச் சாலையின் குறுக்கே ஓடிய கூட்டத்தைத் தடுக்க, அதே ஆண்டு மே மாதம் 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரையை இழுத்துக் கட்டினார்கள். வந்தவர்கள் திரையில் ஓட்டை போட்டுப் படமெடுத்தார்கள். ஃபூஜி ஏறக் கட்டணம் வந்தது, எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது. கியோட்டோ நகராட்சி தங்கும் வரியை உயர்த்தி, மிக விலையுயர்ந்த அறைகளுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென் வரை விதிக்கிறது.

இதே ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. 2023-ன் அரசுக் கணக்கெடுப்பு சொல்வது இது. மக்கள்தொகை 2008-ல் உச்சம் தொட்டு அதன்பின் இறங்கிக்கொண்டிருக்கிறது. மலைக் கிராமங்களில் பள்ளிகள் மூடப்பட்டு, பேருந்துகள் குறைந்து, ரயில் தடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. ஒரு பக்கம் ஆள் தாங்காத தெரு, மறுபக்கம் ஆளே இல்லாத தெரு. இரண்டுக்கும் நடுவே சில மணி நேர ரயில் பயணம்தான்.

'கூட்டத்தைத் தாண்டிய ஜப்பான்' என்று விற்கப்படும் பயணத் திட்டங்கள் பலவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானவை பகலில் ஒரு கிராமத்தைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் பெருநகர ஓட்டலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. கிராமத்துக்குக் கிடைப்பது பேருந்துப் புகையும் கழிப்பறை வரிசையும். அறை வாடகை, இரவுச் சாப்பாட்டுக் காசு, காலைக் காபிக் காசு எல்லாம் நகரத்துக்கு. ஒரு பயணத் திட்டம் உண்மையிலேயே வேறானதா என்று தெரிந்துகொள்ள, பார்க்கும் இடங்களின் பட்டியலைப் படிக்கவே வேண்டாம். இரவுகளின் பட்டியலை மட்டும் படித்தால் போதும்.

கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சுமாகோவை எடுத்துக்கொள்வோம். எடோ எனப்பட்ட பழைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலை வழியாக இணைத்த நகாசென்தோ சாலையின் 69 தங்கலூர்களில் ஒன்று. ரயிலும் நெடுஞ்சாலையும் வேறு வழியாகப் போய்விட, ஊர் வறுமையில் விழுந்தது. வறுமைதான் பழைய மர வீடுகளை இடிபடாமல் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். 1971-ல் ஊர் மக்கள் கூடி ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள்: வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. மின்கம்பிகளைப் பார்வையிலிருந்து மறைத்தார்கள். பகல் நேரத்தில் பிரதான தெருவுக்குள் கார் வர முடியாது. அங்கிருந்து பக்கத்துத் தங்கலூரான மகோமேவுக்குக் கணவாய் வழியாக 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. வழியில் கரடியை விரட்ட மணிகள் தொங்கும். போகிறவர் அடித்துக்கொண்டே போக வேண்டும். பாதி வழியில் ஒரு பழைய தேநீர்க் குடில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் கணப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக் காசு வாங்காமல் தேநீர் தருகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று ஏராளமானோர் வருகிறார்கள். மதியம் பன்னிரண்டுக்குச் சுமாகோவில் நின்றால் ரங்கநாதன் தெருவின் சிறிய தங்கையைப் பார்க்கலாம். ஆனால் கடைசிப் பேருந்து கிளம்பியதும் ஊர் சட்டென்று அடங்குகிறது. கடைப் பலகைகள் சாத்தப்படுகின்றன, காகித விளக்குகள் எரிகின்றன, ஓடையின் சத்தம் மேலெழும்புகிறது. ஆறரை மணி வாக்கில் விடுதிகளில் சாப்பாட்டுத் தட்டுகள் வைக்கப்படுகின்றன. மதியமும் இரவும் ஒரே ஊர்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது இரண்டு ஊர்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது இன்னும் வடக்கே, ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்குக் கோடியில் ஓடும் ததாமி ரயில் தடம். ஃபுகுஷிமா என்றதும் அணு உலை ஞாபகம் வருவது இயல்பு. அது கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. இது நடுவே மலைத்தொடர்கள் தாண்டிய பனிநாடு. அய்சு-வகாமட்சு என்னும் கோட்டை நகரத்திலிருந்து கோய்தே வரை 135 கிலோமீட்டர். ஓரிரு பெட்டிகள் கொண்ட டீசல் ரயில், ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் பாசஞ்சர் ரயிலின் பொறுமையை அங்கே மறுபடி சந்தித்தேன்.

2011 ஜூலையில் பெய்த பேய்மழை இந்தத் தடத்தின் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. அந்த அணு உலையைத் தாக்கிய சுனாமி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, உலகத்தின் கண் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்களே ஏறாத தடத்தைச் செப்பனிடுவதைவிடப் பேருந்து விட்டுவிடலாம் என்பது ரயில் நிறுவனத்தின் எண்ணம். ஊர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: உடைந்த பகுதியின் தண்டவாளமும் பாலங்களும் மாகாணத்துக்குச் சொந்தம், ரயிலை மட்டும் நிறுவனம் ஓட்டும். 2022 அக்டோபர் 1 அன்று, பதினோரு ஆண்டுகளுக்குப் பின், முழுத் தடத்திலும் ரயில் ஓடியது. மீட்கப்பட்ட பகுதியில் நாளொன்றுக்கு மூன்றே முறை போய்வருகிறது.

அந்த 'மூன்றே முறை'தான் எங்கள் பயணத்தை வகுத்தது. காலை ரயிலில் ஏறி நடுவே ஓர் ஊரில் இறங்கினால் அடுத்த ரயில் பல மணி நேரம் கழித்துத்தான். மிஷிமா என்ற மலையூரில் இறங்கினோம். ஆற்றின் மேல் வளைந்து நிற்கும் முதல் பாலத்தை மேட்டிலிருந்து பார்க்கலாம். ரயில் கடக்கும் நேரத்தை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு முக்காலிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது, பாதிக்கு மேல் தைவான்காரர்கள். தைவானில் இந்தப் பாலத்தின் படம் வெகுகாலமாகவே பிரபலம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ரயில் வந்து, பாலத்தைத் தாண்டி, மறைந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. உடனே எல்லோரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் போவதற்கு வழியில்லாததால் இருந்தோம்.

இருந்ததால்தான் ஊரைப் பார்த்தோம். பனிக்காலத்தில் வெளியே வேலை இல்லாத மாதங்களில் காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டையையும் ஒருவகைப் புல்லையும் கொண்டு இங்கே கூடை முடைகிறார்கள். அரசு 2003-ல் இதை மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. ஒரு சின்னக் கைப்பையின் விலையைக் கேட்டு என் மனைவி மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அதை முடைய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டு மறுபடி எடுத்தாள். பக்கத்துக் கனெயாமாவில் பூமிக்குள்ளிருந்து சோடா நீர் இயற்கையாகவே ஊறுகிற ஒரு கிணறு உண்டு. தூக்கு வாளியை இறக்கி மொண்டு குடிக்கலாம். கோலி சோடா குடித்து வளர்ந்தவனுக்கு அதில் சர்க்கரை இல்லாத குறை மட்டும் தெரிந்தது.

இத்தகைய ஊர்களில் ஓட்டல் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. இருப்பது மின்ஷுகு எனப்படும் வீட்டு விடுதிகள். ஐந்தாறு அறை, பொதுக் குளியல், வயதான தம்பதி. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே வாடகை. பயணம் வகுப்பதன் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது. பல விடுதிகளுக்கு இணையப் பதிவு கிடையாது, தொலைபேசியில் ஜப்பானிய மொழியில்தான் பேச வேண்டும். எதைச் சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள், எத்தனை மணி ரயிலில் வருவீர்கள் என்று கேட்பார்கள். 'சாயங்காலம் வருவோம்' என்ற பதில் அவர்களுக்குப் புரியாது. ஒரு பயண நிறுவனத்துக்கு நீங்கள் பணம் தருவதென்றால் இந்தத் தொலைபேசி அழைப்புகளுக்காகத் தாருங்கள். டோக்கியோ டவர் நுழைவுச்சீட்டை உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே வாங்கித் தந்துவிடுவான்.

சாப்பாட்டு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் பெருநகரத்தை விட்டு நகரப் பயப்படுவதற்கு அதுதான் காரணம். சைவம் என்று சொன்னால் இறைச்சி வைக்க மாட்டார்கள். ஆனால் ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தஷி என்னும் சாறு. அதைப் பெரும்பாலும் கட்சுஓபுஷியிலிருந்து எடுக்கிறார்கள். சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவிய பொருள் அது. நம் தென்கரையில் மாசிக் கருவாடு என்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். மிசோ சூப், கீரைப் பொரியல், நூடுல்ஸ் எல்லாவற்றிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். ஆகவே 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், மீன் தஷியும் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சில நாள் முன்பே சொன்னால் பெரும்பாலும் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான்.

இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்குக் கோயாசான் இருக்கிறது. கூகாய் என்ற துறவி 816-ல் நிறுவிய மலை மடம். இன்றுள்ள 117 கோயில்களில் ஐம்பது வாக்கில் தங்க இடம் தருகின்றன. அங்கே பரிமாறப்படுவது ஷோஜின் உணவு: மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கிறார்கள். உறையவைத்து உலர்த்திய தோஃபுவுக்குக் 'கோயா தோஃபு' என்றே பெயர். காலையில் ஆறு மணி வாக்கில் பூசை. புகையும் மந்திரமும் நிறைந்த அந்த அறையில், சமஸ்கிருத ஒலிகள் ஜப்பானிய நாக்கில் உருண்டு வருவதைக் கேட்கலாம். ஒகுனோஇன் இடுகாட்டில் தேவதாரு மரங்களுக்குக் கீழே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பல தூண்களில் இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன சித்தம் எழுத்துகள் பாசி படிந்து தெரிகின்றன. கோயாசானுக்கும் இப்போது கூட்டம் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் அதிலும் பெரும்பகுதி சாயங்கால கேபிள் காரில் இறங்கிவிடும்.

கோயாசான் அமைந்த அதே கீ தீபகற்பத்தில் இருக்கும் தனாபே நகரம் செய்ததை நம் சுற்றுலாத் துறையினர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குமனோ யாத்திரைப் பாதைகள் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கி, ஒரு மணி நேரம் நின்று, படமெடுத்துக்கொண்டு போனது. 2006-ல் நகரம் ஒரு சுற்றுலா அலுவலகத்தைத் தொடங்கி, தனக்கு இந்தக் கூட்டம் வேண்டாம், தனியாக வந்து நடந்து, இரவு தங்குகிறவர்களே வேண்டும் என்று முடிவெடுத்தது. வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒன்றுபோல் ஆக்கினார்கள். ஆங்கிலம் தெரியாத விடுதிப் பாட்டிகளுக்கு, விரலால் சுட்டிக்காட்டிப் பேசும் அட்டைகளைக் கொடுத்தார்கள். பிறகு அந்தச் சிறு விடுதிகளுக்கான பதிவையும் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். ஊரே பயண முகவர். பயணத்தை அவரவர் விருப்பப்படி வகுத்துக்கொள்ள இதைவிட நேர்மையான வழியை நான் பார்க்கவில்லை.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு. ஒன்று, ஷிக்கோக்கு தீவின் 88 கோயில் யாத்திரை. மொத்தம் சுமார் 1,200 கிலோமீட்டர். முழுதும் நடக்க ஒன்றரை மாதம் பிடிக்கும் என்பதால், பலர் தவணை தவணையாகப் போகிறார்கள். வழியில் யாராவது ஓர் ஆரஞ்சுப் பழத்தையோ நாணயத்தையோ நீட்டினால் மறுக்கக் கூடாது, அது மரபு. இரண்டாவது, வடகிழக்கில் ஹாச்சினோஹேயிலிருந்து சோமா வரை 2011 சுனாமி தாக்கிய கரையோரம் அமைத்த மிச்சினோக்கு நடைபாதை. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், 2019-ல் முழுமையடைந்தது. அந்த வழியில் மியாகோ நகரத்தை ஒட்டி அனேயோஷி என்ற சிற்றூர் இருக்கிறது. 1896-லும் 1933-லும் அலைகள் அதை அழித்தன. பிழைத்தவர்கள் மேட்டில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று செதுக்கினார்கள். 2011-ல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகள் தப்பின. நான் அங்கே போனபோது ஆள் யாரும் இல்லை. கல் மட்டும் இருந்தது.

கையேட்டு விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுதும் செல்லும் ஜேஆர் ரயில் பாஸின் ஏழு நாள் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது, ஏனென்றால் ஒரே வட்டாரத்தில் சுற்றுகிறவருக்கு அந்த பாஸ் தேவையே இல்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தக்குஹாய்பின் எனும் கூரியர் சேவை ஒரு விடுதியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான இந்தியப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். சாலையிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான். ஏப்ரல் இறுதி முதல் மே 5 வரையும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டிலும் ஜப்பானியர்களே ஊர் ஊராகப் பயணம் போவார்கள், அப்போது போகாதீர்கள். கிராமங்களில் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

ஒரு சங்கடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'யாருக்கும் தெரியாத ஊர்' என்று எழுதுகிறவன்தான் அதை எல்லோருக்கும் தெரிந்த ஊராக்குகிறான். யமகதா மாகாணத்தின் கின்ஸான் வெந்நீரூற்று அப்படித்தான் ஆயிற்று. ஓடையின் இரு கரையிலும் பழைய மர விடுதிகள், பனி, எரிவாயு விளக்கு. படம் பரவியது, குறுகிய மலைச்சாலை திணறியது. 2024-25 பனிக்காலத்தில் அங்கே தங்காமல் வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை முன்பதிவுச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. எட்டு மணிக்கு மேல் ஊரில் தங்குகிறவர்கள் மட்டும்தான் இருக்கலாம் என்றார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று அந்த ஊர் யோசித்தபோது, இரவு தங்குவதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

சென்னை நிறுவனத்துக்கு நான் கடைசியில் அனுப்பியது அரைப் பக்கத் தாள். அதில் பார்க்கும் இடம் ஒன்றுகூட இல்லை, பதினொரு இரவுகளும் ஆறு ஊர்களின் பெயர்களும் மட்டும். "சார், இதில் ஃபூஜி வரவில்லையே" என்று கேட்டார்கள். வரவில்லைதான்.

போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மலை விடுதியில் அறை பதிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் மனம் மாறி ஒசாகாவிலேயே தங்கிவிடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஐந்து அறை உள்ள வீட்டில், அன்று காலையிலேயே உங்களுக்காக மீன் போடாத தஷிக்குக் கடற்பாசியை ஊறவைத்திருப்பார்கள்.